கூடவே போகும் பாறை இடுக்கு

ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த பொந்தில் வாழப் பிறந்தது சின்சில்லா. அதைக் கலிபோர்னியாவின் கொதிக்கும் பாலைவனத்தின் வழியே காரில் கூட்டிச்செல்வது எப்படி? பதில் 100 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கப்பல் பயணத்தில் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகஸ் போகும் 15ஆம் எண் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓடினால் பேக்கர் என்ற சிற்றூர் வரும். சில பெட்ரோல் பங்குகள், சில உணவகங்கள், சுற்றிலும் மொஹாவி பாலைவனம். ஊரின் ஒரே பெருமை, வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் 134 அடி உயர தெர்மாமீட்டர். 1991இல் எழுப்பப்பட்ட அது, உலகிலேயே உயரமான தெர்மாமீட்டர் என்று விளம்பரம் செய்துகொள்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பேக்கருக்கு வடக்கே இருக்கும் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான வெப்பம் 134 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது 56.7 டிகிரி செல்சியஸ். டிகிரிக்கு ஓர் அடி.

சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஜூலை மாதப் பகலில் அது 43 டிகிரி செல்சியஸுக்குச் சமமான எண்ணைக் காட்டினால் ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் பின் சீட்டில் ஒரு சின்சில்லாவை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு அந்த எண் வேடிக்கையல்ல. அரைக் கிலோ எடை, முயலின் முகம், அணிலின் வால், சாம்பல் நிறப் பஞ்சுப்பொதி போன்ற உடல் கொண்ட இந்தப் பிராணிக்கு 27 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

காரணம் அதன் ரோமம். மனிதனுக்கு ஒரு வேர்க்காலில் ஒன்றிரண்டு முடி. சின்சில்லாவுக்கு 50க்கும் மேல். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு அடர்த்தியான ரோமம் வேறு எதற்கும் இல்லை. குளிர் உள்ளே வராது. உள்ளே இருக்கும் சூடும் வெளியே போகாது. வியர்த்துத் தணிந்துகொள்ளவும் அதற்கு வழியில்லை. வெப்பத்தை வெளியேற்ற இருக்கும் முக்கிய வாசல் அகன்ற, மெல்லிய காதுகள்தான். அந்தக் காதுகள் சிவந்து ரத்த நாளங்கள் புடைத்தால், சின்சில்லா உதவி கேட்கிறது என்று பொருள்.

வெயில் பாதிப் பிரச்னைதான். மீதிப் பாதி பயம். காட்டில் நரிக்கும் ஆந்தைக்கும் இரையாகிற பிராணி இது. திடீர் சத்தம், ஆட்டம், அந்நிய வாடை எல்லாமே அதற்கு எதிரியின் வருகைதான். பயந்துபோன சின்சில்லாவைக் கையால் அழுத்திப் பிடித்தால், பிடித்த இடத்து ரோமம் கொத்தாகக் கையோடு வந்துவிடும். நரியின் வாயில் முடியை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இயற்கை கொடுத்த தந்திரம் அது. பயம் நீடித்தால் தின்பதை நிறுத்திவிடும். பகலிரவாகப் புல்லை அரைத்துக்கொண்டே இருக்கவேண்டிய குடல் அது. பல மணி நேரம் காலியாக இருந்தால் இயக்கம் நின்றுபோகிறது. அதுவே உயிருக்கு உலை வைக்கப் போதும்.

இல்லாபெல் மலைகள்

இந்த அவஸ்தையைப் புரிந்துகொள்ள சின்சில்லாவின் சொந்த ஊருக்குப் போகவேண்டும். சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் இருக்கிறது இல்லாபெல். 2015 செப்டம்பரில் 8.3 அளவுக்கு அதிர்ந்த நிலநடுக்கத்தால் உலகச் செய்திகளில் இடம்பிடித்த ஊர். அங்கிருந்து கொம்பர்பலா போகும் சாலையில் சுமார் 15 கி.மீ. சென்றால் ஆவுக்கோ என்ற இடம். வறண்ட குன்றுகள், தூண்போல எழும் கள்ளிகள், விளிம்பெல்லாம் முள்ளாக இருக்கும் பூயா புதர்கள். அங்கேதான் 1983இல் சிலி அரசு அமைத்த லாஸ் சின்சில்லாஸ் தேசியக் காப்பகம் இருக்கிறது. பரப்பு 4,229 ஹெக்டேர்.

பெயரை நம்பிப் பகலில் போகிறவர் ஏமாந்துபோவார். ஒரு சின்சில்லாவும் கண்ணில் படாது. பார்வையாளர்களுக்காகவே காப்பகத்தில் ஓர் இருட்டு அறை வைத்திருக்கிறார்கள். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், இரவில் உலவும் உள்ளூர் கொறி பிராணிகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். வெளியே, மலையில் இருப்பவை பொழுது சாய்ந்தபின்தான் தலைகாட்டும்.

இங்கேதான் ஒரு புதிர். ஆவுக்கோ ஒன்றும் பனிமலை அல்ல. காப்பகத்தின் உயரம் 400 மீட்டரில் தொடங்கி 1,700 மீட்டர் வரைதான். கோடைப் பகலில் இங்கும் வெயில் காய்ச்சும். அப்படியானால் 27 டிகிரிக்கே சுருண்டுவிடும் பிராணி இங்கே எப்படி வாழ்கிறது? விடை பாறைகளில் இருக்கிறது. பகல் முழுவதும் அது பாறை இடுக்கிலோ, பூயா புதரின் அடியிலோ பதுங்கியிருக்கிறது. வெளியே மலை கொதித்தாலும் இடுக்குக்குள் இருட்டு, குளிர்ச்சி, அமைதி. சுற்றிலும் தன் கூட்டத்தின் வாடை. இரவில் காற்று குளிர்ந்தபின் வெளியே வந்து புல்லும் பட்டையும் விதையும் தின்கிறது. சின்சில்லா வாழ்வது மலையில் என்பதைவிட மலையின் இடுக்கில் என்பதே சரி. அந்த இடுக்கை இழந்த சின்சில்லாவுக்கு எந்த ஊரும் பாலைவனம்தான்.

அந்த இடுக்கிலிருந்து அதை வெளியே இழுத்தது மனிதனின் மேலங்கி ஆசை. ஒரு கோட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் தேவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலி துறைமுகங்களிலிருந்து லட்சக்கணக்கில் தோல்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. 1910இல் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா, பெரு ஆகிய நான்கு நாடுகளும் கூடி வேட்டைக்கும் வியாபாரத்துக்கும் தடைபோட்டன. அதற்குள் மலைகள் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டன. தடையால் வரத்து குறைந்து விலைதான் ஏறியது. 1970களில் ஆவுக்கோ குன்றுகளில் ஒரு சில கூட்டங்கள் எஞ்சியிருப்பது தெரிந்தபோது ஆராய்ச்சியாளர்களுக்கே வியப்பாக இருந்தது.

ஐஸ் கட்டிகளோடு ஒரு கப்பல்

அந்தக் காலி மலைகளில்தான் இன்றைய செல்லப் பிராணியின் கதை தொடங்குகிறது. வடக்கு சிலியில், அடகாமா பாலைவனத்துக்கு மேலே கிட்டத்தட்ட 2,900 மீட்டர் உயரத்தில் பொத்ரெரில்லோஸ் என்ற தாமிரச் சுரங்க நகரம். அங்கே வேலைபார்த்த அமெரிக்கப் பொறியாளர் மத்தியாஸ் சாப்மன். 1918இல் மலைவாசி ஒருவர் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து விற்ற சின்சில்லாவைப் பார்த்ததும் இவற்றை வளர்த்துப் பெருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. கண்ணி வைப்பதில் கைதேர்ந்த 23 பேரை மலைக்கு அனுப்பினார். மூன்று ஆண்டுகள் தேடியும் அவருக்குத் தேறியவை ஒரு டஜனுக்குச் சற்றுக் குறைவு. மலை எவ்வளவு காலியாகியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிடித்ததைவிடக் கடினமாக இருந்தது கொண்டுபோவது. உயர்ந்த மலையின் குளிரிலிருந்து நேராகக் கடற்கரை வெப்பத்துக்கு இறக்கினால் ஒன்றும் மிஞ்சாது என்று சாப்மனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் அவசரப்படவில்லை. கொஞ்சம் கீழே இறக்குவது, அங்கே பல நாள் தங்கவைப்பது, பழகியபின் இன்னும் கொஞ்சம் இறக்குவது. மலையடிவாரத்துக்கு வர ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது. சிலி அரசிடம் போராடி ஏற்றுமதி அனுமதியும் வாங்கினார்.

அடுத்தது கப்பல். பசிபிக் கரையோரமாக வடக்கே போகிற கப்பல் பூமத்திய ரேகையைக் கடந்தாகவேண்டும். சாப்மன் வழக்கமான கூண்டுகளை நம்பவில்லை. நிழலான உள்ளறை வைத்து, ஐஸ் கட்டிகளால் குளிரூட்டும் கூண்டுகளைச் செய்துகொண்டார். வெப்பமண்டலக் கடலில் ஐஸை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. ஈரத்துணியால் கூண்டுகளை மூடவும் வேண்டியிருந்தது. 1923 பிப்ரவரி 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் சான் பெத்ரோ துறைமுகத்தில் அவர் இறங்கியபோது கையில் 11 சின்சில்லாக்கள் உயிரோடு இருந்தன. அமெரிக்க வீடுகளில் இன்று துள்ளும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சம் அந்தக் கூண்டுகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

சாப்மனின் நோக்கம் கருணை அல்ல, ரோம வியாபாரம். ஆனால் பயணக் கலையில் அவர் கண்டுபிடித்தது இன்றும் மாறவில்லை. மெதுவாகப் பழக்கு; இருட்டைக் கொடு; குளிர்ச்சியைக் கூடவே எடுத்துப்போ. பாறை இடுக்கை விட்டுவரும் பிராணிக்கு அவர் ஒரு பாறை இடுக்கையே செய்துகொடுத்தார்.

பொத்ரெரில்லோஸ் இன்று ஊராக இல்லை. உருக்காலைப் புகையில் காற்று கெட்டுப்போனதால் 1990களின் இறுதியில் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதே வட்டாரத்தின் உயர்ந்த மலையில் 2020இல் நடந்த ஒரு சம்பவம் சாப்மனின் பாடத்தைக் கசப்பாக நினைவூட்டியது. புதிய தங்கச் சுரங்கம் ஒன்று வரவிருந்த பாறைப் பகுதிகளில் குட்டைவால் சின்சில்லாக்கள் இருந்தன. அவற்றைப் பிடித்துச் சில கி.மீ. தள்ளி விடுவதாக ஏற்பாடு. நிபுணர்கள் இருந்தார்கள், கருவிகள் இருந்தன, அரசு அனுமதியும் இருந்தது. நான்கைப் பிடித்தார்கள். இரண்டு இறந்துபோயின. சிலியின் சுற்றுச்சூழல் கண்காணிப்பு ஆணையம் வேலையை நிறுத்தியது. அந்த இரண்டுக்கும் சில கி.மீ.கூட நெடும்பயணமாகிவிட்டது.

புறப்படும் முன்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகஸ் சுமார் 435 கி.மீ. வீடு மாறுகிறவர்கள், விடுமுறைக்குப் போகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான கார்கள் தினமும் ஓடும் வழி. சின்சில்லா உள்ளவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது வந்தே ஆகவேண்டுமா? நாலு நாள் விடுமுறைக்கு, தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவதே அதற்கு நிம்மதி. வீடு மாறும்போது மட்டும் வேறு வழியில்லை.

அப்போது சாப்மனின் ஓர் ஆண்டு, இரண்டு மூன்று வாரமாகச் சுருங்குகிறது. பயணக் கூண்டை முன்கூட்டியே வாங்கி, வீட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். உள்ளே கொஞ்சம் புல், அது ஏற்கனவே படுத்திருந்த துணி. துணியைத் துவைத்துவிடக் கூடாது. மனிதனுக்கு அழுக்காகத் தெரிவது சின்சில்லாவுக்கு வீட்டு வாடை. தானாக உள்ளே போய் உட்காரப் பழகியபின் தெருவைச் சுற்றி ஐந்து நிமிடம், அடுத்து அரைமணி நேரம் என்று காரில் ஒத்திகை. திரும்பி வந்ததும் வழக்கமான தீனி. கார் ஆடினால் உலகம் அழிந்துவிடாது என்று அது கற்றுக்கொள்ளும்.

கூண்டு பெரிதாக இருந்தால் வசதி என்று நினைப்பது தவறு. பிரேக் போடும்போது உள்ளே உருண்டு அடிபடும். திரும்பிப் படுக்க இடமிருந்தால் போதும். கம்பிக் கூண்டு நல்லது. மெல்லிய பிளாஸ்டிக்கை ஆயுள் முழுதும் வளரும் பற்கள் வழியிலேயே கடித்துத் தின்றுவிடும். தின்ற பிளாஸ்டிக் குடலை அடைக்கும். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு சிறிய மரப்பெட்டி, அடியில் தாராளமாகக் காய்ந்த புல். அதுவே மெத்தை, அதுவே சாப்பாடு. மேலே காற்றுப் புகும் மெல்லிய துணி. ஜோடியாக வளர்ந்தவை என்றால் ஒரே கூண்டில் போகட்டும். பாதி பயத்தைத் துணையே தின்றுவிடும்.

புதிய தின்பண்டம் எதையும் பயணத்தன்று அறிமுகம் செய்யக் கூடாது. பழம், உலர் திராட்சை என்று இனிப்பைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினால் வயிறு கெடும். தூக்க மருந்தை, அந்த இனத்தைத் தெரிந்த மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. விமானத்தில் போகலாம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பல நிறுவனங்கள் கொறி பிராணிகளைப் பயணிகளோடு உட்கார அனுமதிப்பதில்லை. ஓடுதளத்தில் காத்துக்கிடக்கும் சரக்கு அறையோ சின்சில்லாவுக்கான இடம் அல்ல.

பாலைவன ஏற்றம்

கோடையில் இந்தச் சாலைக்கு உகந்த நேரம் விடியலுக்கு முன். லாஸ் ஏஞ்சலிஸில் பின்னிரவு மூன்று மணிக்குக் கிளம்பினால் பார்ஸ்டோவை இருட்டிலேயே கடந்து, சூரியன் எழும் வேளைக்குப் பேக்கர் வந்துவிடலாம். சின்சில்லாவை ஏற்றும் முன் ஏர்கண்டிஷனரைப் போட்டுக் காரைக் குளிரவைத்துவிட வேண்டும். குளிர்காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது. வெயில் படாத பக்கம் கூண்டை வைத்து, சீட் பெல்ட்டால் கட்டி, பக்கத்தில் ஒரு சிறிய தெர்மாமீட்டர். பேக்கரின் 134 அடி தெர்மாமீட்டரைவிட முக்கியமானது இந்த விரலளவு தெர்மாமீட்டர்தான்.

பேக்கரைத் தாண்டியதும் சோதனை ஆரம்பம். கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து சாலை ஏறத்தொடங்கி, 1,400 மீட்டருக்கு மேலிருக்கும் மவுன்டன் பாஸ் வரை போகிறது. இதுபோன்ற பாலைவன ஏற்றங்களில், இன்ஜின் கொதிக்காமல் இருக்க ஏர்கண்டிஷனரை அணைக்கும்படி சாலையோரப் பலகைகள் எச்சரிக்கும். காருக்கு எது நல்லதோ அதுவே பின் சீட்டில் இருக்கும் பிராணிக்கு எமன். நல்ல நிலையில் இருக்கும் புதிய கார் சமாளித்துவிடும். பழைய காரை நம்பிக் கோடை மதியத்தில் இந்த ஏற்றத்தில் சின்சில்லாவோடு ஏறக் கூடாது.

புதிய காரும் நின்றுபோகலாம். அதற்காகத்தான் சாப்மனின் ஐஸ். முந்தின நாளே பிளாஸ்க்குப் பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் நாலைந்து. குளிரூட்டிய பளிங்குக் கல் துண்டு ஒன்று. தேவைப்பட்டால் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டிவைக்கலாம். கல்லை உள்ளே போட்டால் சின்சில்லா தானே அதன்மேல் படுத்துக்கொள்ளும். ஈரம் மட்டும் ஆகாது. நனைந்த ரோமம் லேசில் காயாது. தோலில் பூஞ்சை பிடிக்கும். அதனாலேயே ஓடும் காரில் தண்ணீர்ப் பாட்டிலைக் கூண்டில் மாட்டிவைக்காமல், நிற்கும் இடங்களில் மட்டும் நீட்டுவது நல்லது.

நிற்பதிலும் ஒரு விதி. ஒருவர் இறங்கினால் ஒருவர் காரில் இருக்கவேண்டும், இன்ஜின் ஓடவேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கலிபோர்னியாவில் சூடான காரில் பிராணியைத் தவிக்கவிடுவது குற்றம். வேறு வழியில்லாத நிலையில், முதலில் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கண்ணாடியை உடைத்துப் பிராணியைக் காப்பாற்றுகிறவரைப் பாதுகாக்கும் சட்டமும் 2017 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. சட்டம் பெரும்பாலும் நாயை நினைத்து எழுதப்பட்டது. நாய் குரைக்கும், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். துணி மூடிய கூண்டில் சின்சில்லா சத்தமில்லாமல் சாயும்.

காது சிவந்து, மூச்சு வேகமாகி, எச்சில் வடிந்து, பக்கவாட்டில் சரிந்தால் அது வெப்பத் தாக்கு. பதறிப்போய் ஐஸ் தண்ணீரில் முக்குவது தவறு. நிழலுக்கும் குளிர்காற்றுக்கும் கொண்டுபோய், குளிர்ந்த ஈரத்துணியால் காதுகளை மெல்ல ஒற்றிக்கொண்டே அருகில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் விரையவேண்டும். பேக்கருக்கும் லாஸ் வேகஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட 150 கி.மீ. வெறும் பாலைவனம். மருத்துவமனையின் முகவரியை வீட்டில் இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளாதவருக்கு அந்தத் தூரம் மிகவும் நீளம்.

ஊர் வந்து சேர்ந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, கூண்டைத் திறந்து கொஞ்சுவது. அது வேண்டாம். இருட்டான, குளிர்ந்த ஓர் அறை, பழைய துணி, பழைய மரப்பெட்டி, நிறையப் புல். அவ்வளவுதான். எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: புழுக்கை. வழக்கம்போல் விழுந்தால் குடல் வேலைசெய்கிறது. சிறுத்து, வறண்டு, எண்ணிக்கை குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் மிரட்சி தெளிந்ததும் நுண்ணிய எரிமலைத் தூள் போட்ட கிண்ணத்தை வைத்தால் அதில் விழுந்து புரளும். தண்ணீரே படாத சின்சில்லாவுக்கு அதுதான் குளியல். புரளத் தொடங்கிவிட்டால் அது வந்து சேர்ந்துவிட்டது.

சாப்மன் சான் பெத்ரோவில் இறங்கி நூறாண்டு நிறையவிருந்த 2023 ஜனவரியில், கலிபோர்னியாவில் புதிய ரோம ஆடைகளின் விற்பனைக்கு மாநிலச் சட்டம் தடைபோட்டது. தோலுக்காக அந்தக் கரைக்கு வந்த பிராணியின் தோலுக்கு அங்கே இனி கடை இல்லை. இருக்கும் இடம் வீட்டுக் கூண்டும் கார் சீட்டும்தான்.

ஆவுக்கோவிலோ கணக்கு இன்னும் நேராகவில்லை. காப்பகத்தின் எல்லைக்கு வெளியேயும் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஆடுகள் மேய்கின்றன, விறகு வெட்டுகிறார்கள், சுரங்கம் தோண்டுகிறார்கள். 1990களிலிருந்து தன்னார்வலர்கள் அந்த மொட்டைக் குன்றுகளில் உள்ளூர்ச் செடிகளின் கன்றுகளை நட்டு வருகிறார்கள். அங்கே இருக்கும் சின்சில்லாக்களை யாரும் எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. பாறை இடுக்குகளை அப்படியே விட்டுவைத்தால் போதும்.